புகை ஆடாதுங்க டீச்சர்

எனக்குக் கவிதை நடத்தப் பிடிக்காது. பத்தொன்பது வருடமாக அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் இதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் ஓய்வு பெற இன்னும் நிறைய வருடம் இருக்கிறது, அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. உரைநடைப் பாடம் என்றால் அதில் ஒரு கதை இருக்கும். யாராவது எங்காவது போவார்கள், திரும்பி வருவார்கள். கவிதையில் ஒருவர் ஒரு பூவைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதைப் பத்தாம் வகுப்புக்கு நாற்பது நிமிடம் நடத்தி, கடைசியில் கரும்பலகையில் மூன்று கேள்வி எழுத வேண்டும். இந்த வரியில் வந்துள்ள அணி எது, ரைமிங் வேர்ட்ஸ் எவை, ரைம் ஸ்கீம் என்ன. பிள்ளைகள் கைடில் இருக்கும் விடையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பூவை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நடத்தத்தான் பிடிக்காது என்றேன். எழுதப் பிடிக்கும். கல்லூரி நாளிலிருந்து ஆங்கிலத்தில் கவிதை எழுதி ஒரு நீல நோட்டில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கே அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது தெரிந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது, அவரே முதலில் சிரித்து முடித்திருப்பார்.

எங்கள் பள்ளி பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் ஒரு டவுன் பஸ், மாலை நாலு ஐம்பதுக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் யாராவது தக்காளி ஏற்றிப் போகும் வண்டியில் தக்காளியோடு தக்காளியாகப் போக வேண்டியதுதான். ஜூலை மாதத்தில் ஒரு நாள், அந்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, அறிவியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ஆயா வந்து வாசலில் நின்றார்.

எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. பள்ளிக்கூடத்தில் ஆயா என்றால் சமைப்பவர், பெருக்குபவர், வயது என்ன ஆனாலும். இவருக்கு நாற்பத்தொன்று. என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆறு வருடமாக நானும் அவரை ஆயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் அது உறுத்தவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்ங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க ஆயா."

"சிமிலின்னா என்னங்க?"

எனக்கு ஆச்சரியம். கேழ்வரகு விளைகிற ஊரில் பிறந்து, தினமும் இருநூறு பேருக்குச் சமைக்கிறவர் சிமிலி என்றால் என்னவென்று கேட்கிறாரே என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னேன். கேழ்வரகு மாவில் அடை தட்டிக்கொள்ள வேண்டும், சூடு ஆறுவதற்குள் பிய்த்துப் போட்டு, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், இரண்டு ஏலக்காய் சேர்த்து உரலில் இடிக்க வேண்டும், கை பொறுக்கிற சூட்டில் உருண்டை பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எள்ளும் போடுவோம் என்று கூடுதலாக ஒரு குறிப்பும் கொடுத்தேன்.

அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு சொன்னார், "அது தெரியும்ங்க டீச்சர். நான் கேட்டது இங்கிலீஷ்ல வருதே, அந்த சிமிலிங்க."

அவர் முந்தானைக்குள்ளிருந்து பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பதினாறு வயதில் பத்தாவது எழுதியிருக்கிறார். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, ஆங்கிலத்தில் மட்டும் முப்பத்தொன்று. நாலு மார்க்கில் போய்விட்டது. அடுத்த முறை எழுதுவதற்குள் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இப்போது பக்கத்துப் பள்ளிகளில் சத்துணவு அமைப்பாளர் வேலைகள் காலியாகப் போகின்றன. அதற்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். மார்ச்சில் தனித்தேர்வராக ஆங்கிலம் மட்டும் எழுதலாம் என்று விசாரித்து வைத்திருந்தார்.

"இந்த ஒரு பாடந்தாங்க முள்ளு மாதிரி நிக்குது."

"பாருங்க, இதுதான் சிமிலி. நம்ம உவமை. முள்ளு மாதிரின்னு சொன்னீங்களே, அந்த மாதிரி."

"இவ்ளோதானுங்களா? இதுக்கா இருபத்தஞ்சு வருசம் பயந்தேன்?"

அமைப்பாளர் ஆனால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டேன். சம்பளத்தைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"டீச்சர்னு கூப்புடுவாங்கங்க. அமைப்பாளரை எல்லாரும் சத்துணவு டீச்சர்னுதானுங்களே சொல்றாங்க. இப்ப ஆறாவது பிள்ளைக்கும் நான் ஆயா, ஹெட்மாஸ்டருக்கும் ஆயா. அவருக்கு அம்பத்தேழு ஆவுதுங்க டீச்சர்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றே அவரை வேறு மாதிரி கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பழகிய நாக்கு உடனே திரும்பவில்லை. "நாளையிலிருந்து வாங்க ஆயா" என்றுதான் சொன்னேன்.

பாத்திரம் கழுவி முடித்து மூன்றே முக்கால் வாக்கில் வருவார். கையில் புளி வாசனையோ முட்டை வாசனையோ இருக்கும், அதை வைத்து அன்று என்ன கிழமை என்று சொல்லிவிடலாம். ஆய்வகத்தில் எலும்புக்கூடு படத்துக்குக் கீழே உட்காருவோம். கடிதம் எழுதுவது, விளம்பரம் எழுதுவது, வழி சொல்வது எல்லாம் அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. வழி சொல்லும் கேள்வியில் மட்டும், எந்த ஊர்ப் படத்தைக் கொடுத்தாலும் வழியில் ஒரு மாதா கோயிலைச் சேர்த்துவிடுவார். இல்லாத கோயிலை எழுதாதீர்கள் என்றால், "இருந்தா நல்லா இருக்குமேங்க" என்பார். மாட்டிக்கொண்டது கவிதையில்தான். கவிதைப் பகுதியை விட்டுவிட்டால் முப்பத்தைந்து எட்டாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பதினாறு வயதில் அவர் அதைத்தான் விட்டிருந்தார்.

முதல் கவிதையை வாசிக்கச் சொன்னேன். அசந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசையில் அவர்தான் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். அந்தக் குரலில், நிறுத்தி, தலையை நிமிர்த்தி நிமிர்த்தி வாசித்தார். உச்சரிப்பு எப்படியோ இருந்தது, ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் ஒரு கவிதையை அப்படி மதித்து வாசித்ததில்லை. முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசகம் முடிந்ததும் கோயிலில் சபை சொல்கிற பதிலுக்காக நிற்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நன்றி" என்றேன். உட்கார்ந்தார்.

அடுத்த நாள் ரைம் ஸ்கீம். வரிகளின் கடைசியில் ஓசை ஒன்றாக இருந்தால் ஒரே எழுத்து, மாறினால் அடுத்த எழுத்து, ஏ ஏ பி பி என்று போட வேண்டும் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு யோசித்தார்.

"டீச்சர், இந்த ஸ்கீம் யாருக்குங்க?"

"யாருக்குன்னா?"

"சத்துணவு ஒரு ஸ்கீமு. பசங்களுக்கு. நூறு நாள் வேலை ஒரு ஸ்கீமு. இது யாருக்கு வர்றதுங்க?"

சிரித்தேன். பஸ்ஸில் போகும்போதுதான் யோசித்தேன். ஏ ஏ பி பி என்று எழுதுவதால் யார் பயனடைகிறார்கள் என்று என்னை எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

அதற்கடுத்த வாரம் நடந்ததுதான் பள்ளி முழுவதும் பரவியது. ரைமிங் வேர்ட்ஸ் என்றால் என்ன என்று கேட்டார். எனக்கு அன்று தலைவலி. "நம்ம தமிழ்ல எதுகை இருக்குதில்ல, அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, பயிற்சித்தாளில் நாலு வரிக் கவிதை ஒன்றைக் கொடுத்தேன். அவர் எழுதிய விடை: வென், தி, ஷி, ஒய்.

"ஆயா, இதெல்லாம் வரியோட முதல் வார்த்தை. இதுல எங்க ரைம் இருக்குது? வென்னுக்கும் ஷிக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்குதுங்களே. நாலு வரியிலயும் ரெண்டாவது எழுத்து எச்."

பார்த்தேன். நாலிலும் இரண்டாவது எழுத்து எச்தான். நான் சிவப்பு மையில் தப்பு போட்டேன். அவர் அதை விடவில்லை. மறுநாள் மதியம் சாம்பார் வாளியோடு போகும் வழியில் தமிழ் ஐயாவிடம் நோட்டைக் காட்டிவிட்டார். தமிழ் ஐயா அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், எதுகைன்னா என்ன?"

"தெரியும் ஐயா. ரெண்டாவது எழுத்து ஒண்ணா வர்றது."

"எங்க வரும்?"

"அடியோட ஆரம்பத்துல."

"அப்ப அவங்க எழுதுனது சரியா தப்பா?"

என் வாயில் முருங்கைக்காய் இருந்தது. மென்று முடிக்கிற சாக்கில் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"உங்க இங்கிலீஷ் கவிஞருக்கே தெரியாம நாலடிக்கும் எதுகை அமைஞ்சிருக்குது. அதை இந்தப் பள்ளிக்கூடத்துல கண்டுபிடிச்சது ஒரே ஒருத்தர். அவங்களுக்கு நீங்க தப்பு போட்டிருக்கறீங்க. கடைசியில ஓசை ஒத்து வந்தா அதுக்குப் பேரு இயைபு. தெரிஞ்சு வெச்சுக்குங்க."

பத்தொன்பது வருடம். ரைமுக்குத் தமிழில் இயைபு என்று ஒரு சொல் இருப்பதை யாரோ எனக்கும் ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், நான் அதைத் தேர்வறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வருடா வருடம் எத்தனை பிள்ளைகளுக்கு எதுகை என்று சொல்லித் தந்திருக்கிறேன் என்று நினைத்துச் சோற்று டப்பாவை மூடி வைத்தேன். அன்று மாலை சிவப்புத் தப்பின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரி என்று எழுதிக் கொடுத்தேன். "ஆனா பரீட்சையில கடைசி வார்த்தையை எழுதுங்க ஆயா" என்றேன். "இயைபுங்களே, எழுதறேங்க" என்றார், சிரிக்காமல்.

பர்சானிஃபிகேஷன் வந்தபோது சண்டை பெரிதானது. உயிரில்லாத பொருளை மனிதர் மாதிரி சொல்வது என்று விளக்கினேன். பானை முணுமுணுத்தது என்று ஒரு வரி கொடுத்து, இதில் உள்ள அணி எது என்று கேட்டேன். அவர் எழுதிய விடையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அணி எதுவும் இல்லை, இது உண்மை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

"பானை எப்படி ஆயா முணுமுணுக்கும்?"

"மொணமொணக்கும்ங்க. தண்ணி சரியா இருந்தா மொணமொணன்னும். பத்தலைன்னா கம்முனு ஆயிரும், அப்பத்தான் நாம பயப்படணும். சத்தத்தை வெச்சுத்தானுங்களே அரிசி போடறோம். நீங்க வூட்டுல குக்கர்ல வெக்கறீங்க. அது விசில் அடிக்குதுன்னு சொல்றீங்க. அது மட்டும் உண்மைங்களா?"

"அது வேற."

"போன வருசம் எங்க மாமரம் கோவிச்சுக்கிட்டு காய்க்கவே இல்லைங்க. அதும் பொய்யிங்களா?"

"பொய்யின்னு சொல்லல. கற்பனை. கவிஞர் அழகுக்காகச் சொல்றாரு."

"எங்க வூட்டுக்காரரு கவிஞர் இல்லைங்க டீச்சர். அவருதான் சொன்னாரு."

நான் புத்தகத்தை மூடினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. பிடிவாதத்துக்காக அவர் பேசவில்லை. நிஜமாகவே அவருக்கு அது அணியாகத் தெரியவில்லை.

"சரிங்க" என்றார் கடைசியில், பெருந்தன்மையாக. "பரீட்சைக்கு மட்டும் பொய்யின்னு எழுதிடறேன்."

நவம்பர் வாக்கில் பாடப்புத்தகத்தில் உள்ள எல்லாக் கவிதையும் முடிந்துவிட்டது. பார்க்காத கவிதை ஒன்றைக் கொடுத்து நயம் பாராட்டி எழுதச் சொல்லலாம் என்று தோன்றியது. வெளியில் தேடுவானேன் என்று நினைத்து நீல நோட்டைத் திறந்தேன். அதில் எங்கள் பள்ளிச் சமையலறையைப் பற்றி நானே எழுதிய எட்டு வரி இருந்தது. எனக்குப் பிடித்த கவிதை. காலையில் பச்சைக் கதவுக்குப் பின்னாலிருந்து புகை எழுந்து, வானத்தை நோக்கி மகிழ்ச்சியாக நடனமாடுகிறது. பானை பாடுகிறது. சமையல்காரி புன்னகையோடு கிண்டுகிறாள். மணி அடித்ததும் பிள்ளைகள் வாசனையைத் தேடிப் பறவைகளைப் போல வருகிறார்கள். பெல்லுக்கு ஸ்மெல், ஹாட்டுக்கு பாட், ஒரு இடத்திலும் தவறாத இயைபு. தட்டச்சு செய்து, கீழே எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் அனானிமஸ் என்று போட்டேன். எந்த நாட்டுப் பெரியவரோ எழுதியது என்று அவர் நினைத்துக்கொண்டு பாராட்டுவார், நான் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது என் திட்டம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கு முதல் நாள் ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

அவர் தனக்குள் இரண்டு முறை படித்தார்.

"எப்படி இருக்குது?" என்றேன், அலட்சியமாக வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"அனானிமஸ்னா யாருங்க?"

"யாருன்னு தெரியாதவங்க."

"அதுதானுங்க. இதை எழுதுனவரு சமையல்கட்டுக்குள்ளாற வந்ததே இல்லைங்க டீச்சர்."

எனக்குக் காது சூடாயிற்று. "ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"புகை ஆடாதுங்க டீச்சர். வெளிய நின்னு பார்த்தா ஆடற மாதிரி இருக்கும். உள்ள இருக்கறவங்களை அது அடிக்கும். அப்புறம், இந்தம்மா சிரிச்சுகிட்டே கிண்டறாங்கன்னு போட்டிருக்கறாரு. புகையில யாருங்க சிரிப்பா? பல்லைக் கடிச்சுகிட்டு நிப்போம். தூரத்துல இருக்கறவங்களுக்கு அது சிரிக்கற மாதிரி தெரியும்."

"கவிதைன்னா கொஞ்சம் அழகா..."

"அழகாத்தான் இருக்குதுங்க. பெல்லு, ஸ்மெல்லு எல்லாம் சரியா இருக்குது. பானை பாடுதுன்னு போட்டது உண்மை. மீதி எல்லாம் ஜன்னல்ல நின்னு எழுதுனது."

இருபது வருடம் ஒருவருக்கும் காட்டாத நோட்டிலிருந்து ஒரே ஒரு கவிதையை எடுத்துக் காட்டினால் இதுதான் கிடைக்கும். பேப்பரை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தேன். "நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்குது ஆயா. இந்த வாரம் முழுக்கவே இருக்கும்" என்றேன். மீட்டிங் எதுவும் இல்லை. ஐந்து நாள் மூன்றே முக்காலுக்கு அவர் ஆய்வகத்துப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார். நான் நூலகத்தில் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நாற்பத்து மூன்று வயதுப் பெண் செய்கிற காரியம் இல்லை இது. மார்ச்சுக்கு நாலு மாதம் இருந்தது, அவருக்கு ஒவ்வொரு நாளும் தேவை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று வர மறுநாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அடிக்கடி நடப்பதுதான், அந்த மாதிரி நாட்களில் சமையலறையின் பின்பக்க அடுப்பில் விறகுதான். பதினோரு மணிக்கு ஆசிரியர் அறை ஜன்னலில் நின்று பார்த்தேன். பச்சைக் கதவுக்கு மேலே புகை எழுந்து, வேப்பமரத்தைச் சுற்றி, அருமையாக நடனமாடிக்கொண்டிருந்தது. எனக்கு வீராப்பு வந்துவிட்டது. ஆடுகிறதா இல்லையா, வா, வந்து பார் என்று அவரையே வெளியே கூட்டிவந்து காட்டுவது என்று கிளம்பினேன். என் பாடவேளை காலி, மடித்த பேப்பர் கையில்.

பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு அடி வைத்திருப்பேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. கண் எரிந்தது, மூக்கு எரிந்தது, தொண்டையில் யாரோ கை விட்ட மாதிரி இருமல். முதல் நாள் மழையில் விறகு நனைந்திருந்ததாம், அதையெல்லாம் பிறகு சொன்னார். நான் இருமிக்கொண்டே சுவரைத் தேடினேன், கிடைத்தது சுவர் இல்லை, உப்பு மூட்டை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபோது அவர் அண்டாவுக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் நீளக் கரண்டியைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். உதடு இரண்டு பக்கமும் இழுத்திருந்தது. பல் தெரிந்தது. அது சிரிப்பு இல்லை. ஆறு வருடமாக அதை ஜன்னலிலிருந்து சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நினைப்பில் கவிதை வேறு எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. புகை இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அவர் ஈரத்துணி ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"இப்ப சொல்லுங்க டீச்சர். ஆடுதுங்களா?"

"அடிக்குது."

"அதை எழுதச் சொல்லுங்க, அவரை."

அன்று சாம்பார் சாதம் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்று ஹெட்மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அக்கறையாக விசாரித்தார்.

மறுநாளிலிருந்து மீட்டிங்குகள் எல்லாம் முடிந்துவிட்டன. அந்தக் கவிதையை நான் திருத்தினேன். புகை ஆடவில்லை, நிற்கிறவள் முகத்தில் அடிக்கிறது, கடித்த பல் தூரத்துக்குச் சிரிப்பாகத் தெரிகிறது என்று மாற்றினேன். வேறொரு பதிப்பு கிடைத்தது என்று பொய் சொல்லி அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரெண்டு எடத்துல இயைபு போச்சுங்களே" என்றார். பிறகு, "பரவாயில்லைங்க. இவரு உள்ள வந்துட்டாரு" என்றார். அதற்கு அவர் எழுதிய பாராட்டு ஒன்றரைப் பக்கம். பத்தாம் வகுப்புக் கைடில் இருக்கிற ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. நிறைய எழுத்துப்பிழை இருந்தது. நான் அதைத் திருத்தாமல் வாங்கி வைத்துக்கொண்டேன், நீல நோட்டுக்குள் இருக்கிறது.

மார்ச்சில் தருமபுரியில் ஒரு பள்ளியில் தேர்வு எழுதினார். பெஞ்சில் பக்கத்தில் அமர்ந்த தனித்தேர்வர் பெண் அவரைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றதாம். மாலையில் போன் செய்தார்.

"டீச்சர், மழை ஏதோ பேசுச்சுன்னு ஒரு வரி கேட்டிருந்தாங்க. பர்சானிஃபிகேஷன்னு எழுதிட்டேன்ங்க."

"நல்லது."

"எழுதறப்ப மனசுக்குள்ள மழைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்ங்க."

மே மாதம் முடிவு வந்த அன்று அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் போனில் பதிவெண்ணை அடித்தோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார், நான் போனை ஜன்னல் பக்கம், மொட்டைமாடி என்று தூக்கிக்கொண்டு அலைந்தேன். என் சொந்தப் பட்டப்படிப்பு முடிவுக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை. ஐம்பத்திரண்டு என்று வந்தது. அவர் நம்பாமல் போனைத் தன் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஐம்பத்திரண்டு. என் வகுப்பில் அந்த வருடம் அதற்குக் கீழே ஏழு பேர் இருந்தார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேலை கிடைக்க அந்த வருடம் முடிய ஆகிவிட்டது. வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. எங்களிடமிருந்து விடைபெற வந்தபோது ஒரு டப்பாவைக் கொடுத்தார். திறந்தால் சிமிலி உருண்டை, எள் போட்டது.

"அந்தக் கவிதை வேணும்ங்க டீச்சர். புதுசா மாத்துனது. அங்க சமையல்கட்டுல ஒட்டி வெச்சுக்கறேன்."

கொடுத்தேன். அவர் அனானிமஸ் என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்க உங்க பேரை எழுதிக் குடுங்க."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்ங்க. நம்ம சமையல்கட்டுக் கதவு பச்சைன்னு எந்த ஊரு இங்கிலீஷ்காரருக்குங்க தெரியும்?"

"தெரிஞ்சுமா அப்படிப் பேசுனீங்க? ஒரு வாரம் நான் சோறு தண்ணி இறங்காம இருந்தேன்."

"பரீட்சைக்குத்தானுங்களே பொய் எழுதறதுன்னு பேசிக்கிட்டோம்" என்றார். "உங்ககிட்டயுமா எழுதுவேன்?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கவிதையில் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். அவர் பஸ் ஏறும்போது டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லி வைத்திருந்தேன். பஸ் கிளம்பும் அவசரத்தில், "பார்த்துப் போங்க ஆயா" என்றுதான் வாயில் வந்தது. அவர் ஜன்னலிலிருந்து கை காட்டினார். அன்று முழுவதும் என் மேல் எனக்கே ஆத்திரம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் நானே போன் செய்தேன். புது இடம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான். அங்கே எப்போதும் கேஸ் அடுப்புதானாம், காற்றோட்டமாக இருக்கிறதாம், முட்டை நேரத்துக்கு வருகிறதாம். நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் தட்டுகளின் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். நடுவில் ஒரு பொடிக்குரல் போனுக்கு ரொம்பப் பக்கத்தில், "டீச்சர்" என்றது.

பத்தொன்பது வருடப் பழக்கம். "என்ன கண்ணு?" என்றேன்.

"உங்கள இல்லைங்க டீச்சர்" என்றார் அவர். "என்னையக் கூப்புடுது. செத்த இருங்க."